எட்டாம் நம்பர் குப்பி

ஆய்வுக் குழு பத்தரை மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். குப்பியக்கா ஒன்பது மணிக்கே கல்லூரி மாதிரிப்பொருள் அறையைத் திறந்து, உள்ளே போய், தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். அந்தக் கதவுக்கு உள்பக்கமும் தாழ்ப்பாள் உண்டு என்பதைப் பத்தொன்பது வருஷத்தில் அன்றுதான் கவனித்தாள். துருவேறிப்போய் மசியாமல் முரண்டு பிடித்தது.

அவளுக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் வேளாண் பட்டப்படிப்புக்கு வந்து போன எந்த மாணவருக்கும் அது தெரியாது. செய்முறைத் தேர்வுக்கு வேண்டிய இருபது கண்ணாடிக் குப்பிகளைத் துடைத்து, நிரப்பி, மேசையில் வைப்பது அவள் வேலை. அதனால் குப்பியக்கா.

தேர்வு எளிமையானது. நீள மேசையில் ஒன்று முதல் இருபது வரை நம்பர் அட்டைகள். ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலும் பெயர் ஒட்டாத ஒரு குப்பி. உரம், விதை, மண், ஸ்பிரிட்டில் ஊறிய பூச்சி என்று ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும். மாணவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு குப்பியின் முன் அரை நிமிஷம் நின்று, அது என்னவென்று தாளில் எழுத வேண்டும். குப்பியக்கா மணி அடிப்பாள். அடுத்த குப்பிக்கு நகர வேண்டும். தொடக்கூடாது. என்றோ யாரோ ஒரு குப்பியை உடைத்ததிலிருந்து வந்த சட்டம் அது.

எழுதாத சட்டம் இன்னொன்றும் இருந்தது. குப்பிகளின் வரிசை மாறாது. ஒன்று யூரியா, இரண்டு பொட்டாஷ், எட்டு எப்சம் உப்பு, ஒன்பது போராக்ஸ், பன்னிரண்டு பயிருக்கு நல்லது செய்யும் பொறிவண்டு, பதின்மூன்று அதே சாயலில் இருந்துகொண்டு இலையைத் தின்று தீர்க்கும் வண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நிரப்பும்போது குழம்பாமல் இருக்க அவளே ஒரு பட்டியல் எழுதி அலமாரிக் கதவின் உள்ளே ஒட்டினாள். அதோடு சரி. அந்தப் பட்டியல் விடுதி அறைகளுக்குப் போய், அண்ணன்மார்களிடமிருந்து தம்பிமார்களுக்குக் கைமாறி, இருபது வரியில் ஒரு பாட்டாகவே ஆகிவிட்டிருந்தது. பாட்டைப் பாடத் தெரிந்தவன் இருபதுக்கு இருபது. கண்ணை மூடிக்கொண்டு போனாலும் இருபதுக்கு இருபது.

இது அவளுக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும். பிள்ளைகள் பாஸாகிறார்கள், தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அதில் என்ன கெட்டுப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

கெட்டுப்போனது என்ன என்று அவளுக்குச் சொன்னது அவள் கணவரின் நோட்டுப்புத்தகம். அவரும் அதே துறையில்தான் விரிவுரையாளர். கடைசி ஒரு வருஷம் லீவு நாளெல்லாம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பண்ணை, விதைக் கிடங்கு, நாற்றங்கால் என்று அலைந்தார். 'எங்கள் பிள்ளைகளை ஏன் வேலைக்கு எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்?' என்று ஒவ்வொரு முதலாளியையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். எட்டு மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை மத்தியானம், ஆசிரியர் அறையில் பேனா மூடியைப் பல்லில் கடித்தபடியே மேசைமேல் தலையைச் சாய்த்தார். தூங்குகிறார் என்று நினைத்து யாரோ மின்விசிறியைக் கூட்டி வைத்தார்களாம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அவள் அந்த நோட்டைப் பிரித்தாள். பாதியில் ஒரு பக்கம்.

'நாற்றங்கால். நம் பட்டதாரி ஒருவர், சேர்ந்து நாலாம் நாள். நாற்றுகளுக்கு எப்சம் உப்பு கரைத்து விடச் சொன்னார்களாம். கிடங்கில் இரண்டு மூட்டை, இரண்டிலும் வெள்ளைத் தூள். "இதுல எது மேடம் எட்டாம் நம்பர்?" என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் புரியவில்லை. அவராக ஒன்றை எடுத்தார். போராக்ஸ். மூவாயிரம் நாற்று கருகியது.'

அதற்குக் கீழே, வேறு மையில்: 'வரிசை! இதை இவளிடம் எப்படிச் சொல்வது?'

ஒருமுறை சொல்லத்தான் பார்த்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அந்தக் குப்பிங்களை ஒருதரம் கலைச்சுத்தான் வையேன், என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்றார். அன்றைக்கு அவளுக்கு இடுப்பு வலி. "கலைக்கிறவங்க வந்து துடைக்கட்டும்" என்று வெடுக்கென்று சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டு தண்ணீர் குடித்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது எட்டாம் அட்டைக்குப் பின்னாலிருந்த குப்பியை எடுத்து ஒன்பதில் வைத்தாள். ஒன்பதை எட்டில் வைத்தாள்.  பன்னிரண்டையும் பதின்மூன்றையும் மாற்றினாள். ஒன்றையும் ஆறையும் மாற்றினாள். ஏழு ஜோடி மாற்றி, ஆறு குப்பிகளை அதனதன் இடத்திலேயே விட்டாள்.

கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

"நான்தாம்மா. ஏன் பூட்டியிருக்கே?"

மகள். ஒரு இடத்தில் நிற்கமாட்டாள் என்பதற்காக அப்பா வைத்த பெயர் எறும்பு. கடைசி வருஷம். குழுவின் முன்னால் தேர்வு எழுதிக் காட்ட மாமா பொறுக்கியெடுத்த ஐந்து பேரில் ஒருத்தி. மாமா என்றால் குப்பியக்காவின் கூடப்பிறந்த அண்ணன். அவர்தான் துறைத் தலைவர்.

தாழ்ப்பாளை இழுத்தபோது அவள் இன்னொரு கையில் ஒரு குப்பி இருந்தது. எறும்பின் கண் குப்பிக்குப் போனது, மேசைக்குப் போனது, திரும்ப அம்மாவின் முகத்துக்கு வந்தது.

"என்னம்மா பண்றே?"

"துடைக்கிறேன்."

"துணி எங்கே?"

அவள் குப்பியை மேசையில் வைத்தாள்.

"அம்மா, இது விளையாட்டு இல்லை. இன்னைக்கு எழுதறதுதான் ஃபைனல் மார்க்குன்னு மாமா சொல்லியிருக்கார். இதுல போச்சுன்னா எனக்கு ஆராய்ச்சிப் பண்ணை வேலையும் போச்சு. அடுத்த மாசம் சேரச் சொல்லியிருக்காங்க."

"தெரியும்."

"அப்போ எனக்கு மட்டுமாவது சொல்லு. எதை எங்கே மாத்தினே?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பெற்ற பிள்ளை. ஏழு ஜோடி, அரை நிமிஷத்தில் சொல்லிவிடலாம். குப்பியக்கா மகளின் தோளைப் பிடித்து வெளியே திருப்பினாள்.

"குப்பியைப் பாருடி. அட்டையைப் பாக்காதே. போ."

"எனக்குப் பாக்கத் தெரியாதும்மா" என்றாள் எறும்பு.  "யாருக்குமே தெரியாது. நாங்க பாட்டுத்தானே படிச்சோம்." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அவள் தாழ்ப்பாளை மறுபடி போடவில்லை.

நிலைமை அப்படி. போன வருஷம் பட்டம் வாங்கிய நாற்பத்தொரு பேரில் ஆறு பேருக்குத்தான் பயிரோடு சம்பந்தப்பட்ட வேலை. மற்றவர்கள் செல்போன் கடையிலும் துணிக்கடையிலும் கூரியர் கம்பெனியிலும் இருந்தார்கள். வேலைக்கு உதவாத படிப்பை ஏன் நடத்த வேண்டும், மூடிவிடலாமா என்று பார்த்துச் சொல்லத்தான் குழு வருகிறது.

மூடாமல் இருக்க ஒரு வழியை அவள் கணவர் அறுபத்திரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். கடைசி வருஷ வகுப்புகளைப் பாதியாகக் குறைப்பது. ஆளுக்கு அரை ஏக்கர். விதை போடுவதிலிருந்து விளைந்ததை விற்பது வரை ஒரு முழுப் பருவம் அவரவர் பொறுப்பு. தேர்வும் அந்த வயலிலேயே, வேலை கொடுப்பவர்களே வந்து கேள்வி கேட்பார்கள்.

"மாப்பிள்ளை, பட்டதாரியை உருவாக்கச் சொன்னா பண்ணையாளை உருவாக்கறீங்களே" என்றார் அண்ணன்.

"மச்சான், பண்ணையாளுக்கு வேலை கிடைக்குதே" என்றார் அவர்.

இரண்டு வருஷம் இந்தச் சண்டை நடந்தது. அவர் போன பிறகு அந்தத் தாள்களைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், "எங்கேயோ வெச்சேம்மா, தேடணும்" என்பதுதான் அண்ணனின் பதில். எட்டு மாதத்தில் தேடிக் கிடைக்காதது எது என்று அவளும் கேட்கவில்லை. அவளுக்கு இந்தக் குப்பி வேலையை வாங்கிக் கொடுத்ததே அண்ணன்தான். குழுவுக்கென்று அண்ணன் செய்து வைத்திருந்த மாற்றம் ஒன்றே ஒன்று. பாடங்களின் பெயரை மாற்றியிருந்தார். மண்ணியல், மண் வள மேலாண்மை ஆயிற்று. பூச்சியியல், பயிர் நல மேலாண்மை ஆயிற்று. பால் பண்ணைக்கும் ஒரு மேலாண்மை. எல்லாப் பாடத்துக்கும் வால் முளைத்திருந்தது.

பத்தரைக்குச் சரியாக வந்தார்கள். மூன்று பேர். வெள்ளைத்தாடி வைத்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து கோப்பும் கையுமாக ஒருவர். மூன்றாவது ஒரு பெண்மணி. பெரிய நாற்றங்கால் ஒன்றை நடத்துகிறவர், வருஷத்துக்கு முப்பது பேரை வேலைக்கு எடுக்கிறவர் என்று அண்ணன் அறிமுகப்படுத்தினார். அவருடைய நகக்கண்ணில் மண் இருந்தது. குப்பியக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டில் இருந்த நாற்றங்கால் இதுதான் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பாருங்க, எங்க பிள்ளைங்களோட தரத்தை நீங்களே கண்ணால பாருங்க" என்றார் அண்ணன். அவளைப் பார்த்துத் தலையசைத்தார். "எல்லாம் வழக்கம்போலத்தானேம்மா?"

அவள் மணியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஒருவர் இருபது குப்பியையும் முடித்த பிறகே அடுத்தவர் என்று ஐந்து பேரும் வந்தார்கள். எறும்பு கடைசி. முதல் நான்கு பேரும் குப்பியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அட்டையைப் பார்ப்பதும் எழுதுவதும் மணிக்குக் காத்திருப்பதுமாக, தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துவதைப்போல வேலை நடந்தது.

"அடேயப்பா, அரை நிமிஷம்கூடத் தேவைப்படலையே" என்றார் வெள்ளைத்தாடி.

அண்ணனுக்கு முகமெல்லாம் பல்.

எறும்பு மட்டும் குனிந்து குனிந்து பார்த்தாள். முதல் குப்பியில் ஏதோ எழுதினாள். மூன்றாவதில் எழுதியதை அடித்தாள். ஐந்தாவதை வெறுமனே விட்டாள். ஒவ்வொரு மணிக்கும் அவள் தோள் துள்ளியது. மணி அடிப்பவளின் நெஞ்சும்தான்.

எட்டாம் குப்பி. எறும்பு அதையே பார்த்தாள். வெள்ளைத் தூள். பக்கத்தில் ஒன்பதைப் பார்த்தாள். அதிலும் வெள்ளைத் தூள். அரை நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. எறும்பு நிமிர்ந்தாள்.

"ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?"

"தாகமா? முடிச்சிட்டுக் குடிக்கலாம்மா" என்றார் அண்ணன்.

"குடிக்க இல்லை மாமா. இதுல கொஞ்சம் போட்டுப் பாக்கணும். பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. ஒண்ணு சட்டுனு கரையும். இன்னொண்ணு அடியில நிக்கும்."

 எழுதி முடித்து ஓரமாக நின்ற நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"குப்பியைத் தொடக்கூடாது, தெரியுமில்லை?" அண்ணனின் குரலில் சிரிப்பு வற்றியிருந்தது. "நேரம் ஆச்சு. மணி அடிம்மா."

அவள் அடிக்கவில்லை.

"மணி அடின்னேன்."

பத்தொன்பது வருஷத்தில் கடிகாரம் பார்க்காமலே அரை நிமிஷத்தை அறிந்திருந்த கை அது. நேரம் தாண்டிவிட்டது என்று அந்தக் கைக்குத் தெரிந்தது. மணியின் நாக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேர்வையில் அது வழுக்கியது. அண்ணன் இரண்டு எட்டு எடுத்து வைத்து அவளருகே வந்தார். "என்ன பண்றே நீ?" என்று பல்லுக்குள்ளேயே கேட்டார்.

நாற்றங்கால் பெண்மணி தன் முன்னாலிருந்த தண்ணீர் டம்ளரைக் கையால் மேசைமேல் தள்ளினார். "இந்தாம்மா. நான் இன்னும் வாய் வைக்கலை."

எறும்பு எட்டாம் குப்பியின் மூடியைத் திறந்தாள். குப்பி நிரப்ப வைத்திருந்த ஸ்பூனால் அள்ளி டம்ளரில் போட்டாள். கலக்கினாள். எல்லோரும் டம்ளரையே பார்த்தார்கள். கலக்கக் கலக்கத் தூள் சுழன்றது. நிறுத்தியதும் அடியில் போய் உட்கார்ந்தது. மறுபடி கலக்கினாள். மறுபடியும் உட்கார்ந்தது.

"எப்சமா இருந்தா இந்நேரம் காணாமப் போயிருக்கும்" என்றாள் எறும்பு. "இது போராக்ஸ்."

அவளுக்கு முன்னால் எழுதி முடித்தவன் வாய்விட்டே சொல்லிவிட்டான். "எட்டு எப்சம்தானே?"

நாற்றங்கால் பெண்மணி எழுந்து நான்கு பேரின் தாள்களையும் வாங்கினார். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்பதாம் குப்பியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். பன்னிரண்டாம் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"நாலு பேரும் ஒரே தப்பை ஒரே இடத்துல பண்ணியிருக்காங்க. தப்புலகூட என்னா ஒத்துமை!"

"குப்பி துடைக்கும்போது மாறியிருக்கும்" என்றார் அண்ணன் அவசரமாக. "என் தங்கச்சிதான். வீட்டுக்காரர் தவறினதிலிருந்து அவளுக்கு மனசு சரியில்லை. நீங்க இதைப் பெரிசா எடுத்துக்கக்கூடாது."

தப்பிப்பதற்கு அவர் வழி விட்டுக் கொடுக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை இருக்கும். அண்ணன் இருப்பார். நாளைக்கு வரிசை பழையபடி ஆகிவிடும்.

"மாறலைண்ணா" என்றாள். "மாத்தினேன்."

மணியை மேசைமேல் வைத்தாள்.

"பத்தொன்பது வருஷம் ஒரே வரிசையில வெச்சதும் நான்தான். இவங்க படிச்சது என்னோட வரிசையை. படிப்பை இல்லை." 

பெண்மணி மெதுவாக உட்கார்ந்தார். "எட்டாம் நம்பர்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. "அப்போ அந்தப் பையன் கேட்டது இதைத்தானா! எங்ககிட்ட மூவாயிரம் நாற்று கருகிச்சு, சார். அதை விசாரிச்சுக்கிட்டு இங்கேருந்து ஒருத்தர் வந்தார். மூணு தடவை வந்தார். நான் திட்டத் திட்ட நோட்டுல எழுதிக்கிட்டே நின்னார். எங்கே அவர்? இந்தக் கூட்டத்துல இருப்பார்னு நினைச்சேன்."

"எங்கப்பா" என்றாள் எறும்பு. "இப்போ இல்லை."

"அவர் எழுதினது இருக்கு" என்றாள் குப்பியக்கா. "அறுபத்திரண்டு பக்கம்."

கோப்புக்காரர் கோப்பைப் புரட்டினார். "அப்படி எதுவும் எங்களுக்கு வரலையே?"

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள்.  அவர் அறையை விட்டு வெளியே போனார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. தேடினேன், கிடைக்கவில்லை என்று வந்து சொன்னால் அதோடு முடிந்தது. வேறு நகல் கிடையாது. அவள் அந்த டம்ளரின் அடியில் உட்கார்ந்திருந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. அண்ணன் ஒரு கட்டுத் தாளை மேசைமேல் வைத்தார். மேல் பக்கத்தில் டீ டம்ளர் வைத்த வட்டக்கறை இருந்தது. ஒன்றல்ல, நான்கைந்து. ஆனால் உள்ளே பல பக்கங்களின் ஓரம் மடிக்கப்பட்டிருந்தது.

"நாப்பதாம் பக்கத்துல பாசனக் கணக்கு தப்பு" என்றார், யாரையும் பார்க்காமல். "மாப்பிள்ளை கணக்குல எப்பவுமே வீக். திருத்தித் தரணும்னுதான் வெச்சிருந்தேன்."

அது உண்மையா, அந்தக் கணத்துக்காகச் சொன்னதா என்று அவள் பிறகும் அண்ணனிடம் கேட்கவில்லை.

நான்கு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. படிப்புக்கு இரண்டு வருஷம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அறுபத்திரண்டு பக்கத் திட்டத்தை உடனே தொடங்க வேண்டும். குப்பித் தேர்வு ரத்து. ஐந்து பேரின் மார்க்கும் ரத்து, ஒரு பருவம் வயலில் பயிர் செய்து அங்கேயே மறுபடி தேர்வு எழுத வேண்டும். அந்த மார்க் பட்டியலையும் இணைத்திருந்தார்கள். பாட்டுப் படித்த நான்கு பேருக்கும் ஆளுக்கு ஆறு. எட்டோடு நின்றுவிட்ட எறும்புக்கு ஐந்து.

ஆராய்ச்சிப் பண்ணை வேறு ஆளை எடுத்துக்கொண்டது. எறும்பு மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை. நாலாம் நாள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு நான் அவங்ககிட்ட சொன்னேம்மா."

"எவங்ககிட்ட?"

"அந்த நாலு பேருகிட்ட. வரிசை மாறியிருக்கு, பாத்து எழுதுங்கன்னு. விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பத்தொன்பது வருஷமா மாறாத குப்பியக்கா இன்னைக்கா மாறப்போறாங்கன்னு."

குப்பியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இதைக் கேட்க அவர் இல்லையே என்று இருந்தது.

பருவம் முடிந்து தேர்வு நாளில் அண்ணன் அவளையும் வயலுக்கு வரச் சொல்லியிருந்தார். வரப்பில் நின்றாள். கையில் மணி இல்லை, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகளின் அரை ஏக்கரில் வெள்ளரி. நாற்றங்கால் பெண்மணி பாத்திக்குப் பாத்தி நின்று கேட்டுக்கொண்டு வந்தவர், ஒரு மூலையில் நான்கைந்து செடிகள் வாடி மஞ்சளாகிக் கிடந்த இடத்தில் நின்றார்.

"இது என்ன?"

 எறும்பு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்த்தாள். அரை நிமிஷம் ஆயிற்று. குப்பியக்காவின் கை தானாக ஒருமுறை அசைந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று. அண்ணன் தொண்டையைச் செருமினார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நிமிஷம்.

"மேலேயிருந்து பாத்தாத் தெரியலை. வேரைப் பாக்கணும்" என்றாள் எறும்பு. "ஒரு செடியைப் பிடுங்கட்டுமா?"

"உன் வயல். என்னைக் கேட்டா?"

எறும்பு செடியின் அடித்தண்டை இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கினாள்.